லாவண்டருக்குத் தண்ணி ஊத்தின கதை

சித்த அந்த ஜன்னலோரமாத் தள்ளி உக்காருங்க கண்ணு. இந்தத் தொட்டிய மடியில வெச்சுக்கோணும். கீழ வெச்சா மொத வளைவுலயே உருண்டு டிரைவர் காலுக்குப் போயிரும். இன்னொண்ணு இருக்குது பாருங்க, அத மட்டும் உங்க காலுக்கிட்ட ஒண்டி வெச்சுக்கறேன், மிதிச்சராதீங்க. முள்ளெல்லாம் கெடையாது, பயப்படாதீங்க. லாவண்டர். ஆமா, அதேதான், சோப்புல போடுவாங்களே.

காதுல என்னமோ மாட்டியிருக்கீங்களே, பாட்டுக் கேக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். எனக்கு எச்சாப் பேசற பழக்கமே கெடையாது. பொட்டப்புள்ள தனியா உக்காந்திருக்குதேன்னுதான் இங்க வந்தேன், இல்லீன்னா பஸ்ஸு பாதி காலியாத்தான கெடக்குது. கோயமுத்தூர் வரைக்கும் போறீங்களா? நாங்க காரமடையில எறங்கிருவோம். நாங்கன்னா, எங்கூட்டுக்காரரும் வந்திருக்கறாரு. அதோ, கடேசிக்கு முந்துன சீட்டு, நீலச் சட்டை, தலையில துண்டு. பக்கத்துலயே உக்காருங்கன்னேன். பின்னாடிதான் குலுங்காதுன்னுட்டாரு. நூல் மில்லுல மிசினு பாத்த மனுசன், எது குலுங்கும் எது குலுங்காதுன்னு அவருக்குத் தெரியாதா? சரீன்னுட்டு உட்டுட்டேன்.

ஒரு செடி வாங்கறதுக்கா காரமடையில இருந்து ஊட்டிக்கு வந்தீங்கன்னு கேக்கறீங்க. கேக்கலையா? மூஞ்சி கேக்குதே! அந்த ஒயர எடுத்துப் பையில போட்டுக்கங்க, சிக்கிக்கும். சொல்றேன்.

எங்கூட்டுக்காரருக்குத் தூக்கம் போயிருச்சு கண்ணு. அதுல இருந்துதான் எல்லாம்.

மில்லுல அவருக்கு எப்பப் பாத்தாலும் முழு நைட்டு ஷிப்டுதான். மத்தவங்க மாத்தி மாத்திப் போவாங்க, இவரு மட்டும், எனக்கு ராத்திரிதான் ஒத்துக்குதுன்னு அதையே கேட்டு வாங்கிக்குவாரு. வெடியால வந்து சாப்பிட்டுப் படுத்தாருன்னா பொழுது சாயறப்பத்தான் எந்திரிப்பாரு. அவரு தூங்கோணும்னு நான் எப்படி இருந்தேன் தெரியுமா? குக்கர் விசிலடிக்கறதுக்குள்ள ஓடிப்போயி அணைச்சுப்போடுவேன். புள்ளைங்க ரெண்டையும் பொடக்காளிக்குத் தொரத்தி, ஊட்டுக்குப் பின்னாலயே வெளையாட வெப்பேன். காய்க்காரன் கூவுனா வாசல்ல நின்னு வாயில வெரல வெச்சுக் காட்டுவேன். முப்பது வருசம்! என்ற ஊட்டுல நானே கிசுகிசுன்னுதான் பேசிட்டுத் திரிஞ்சேன். எத்தனை இருந்திருக்கும் சொல்றதுக்கு! நாத்தனா பண்ணுனது, கொழுந்தனார் பொண்டாட்டி பண்ணுனது, பால்காரன் சொன்னது, எல்லாத்தையும் அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு மனசுக்குள்ளயே அடுக்கி வெச்சேன்.

ரிட்டேர் ஆனாரு. மாலை போட்டு, சால்வை போத்தி அனுப்பி வெச்சாங்க. அன்னைக்குப் பொழுதோட சோறு தின்னுபோட்டு ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்தோம் பாருங்க, எனக்கு அப்படி ஒரு சந்தோசம். இனி ஷிப்டு இல்ல, மில்லுச் சங்கு இல்ல. எங்க கல்யாணத்துப் பந்தல்ல இருந்து ஆரம்பிச்சேன். வருச வாரியா வந்தாத்தான அவருக்கும் புரியும்.

அன்னையில இருந்து அவருக்குத் தூக்கம் போச்சு. காரணமே தெரியல.

நானும் கவனிச்சுப் பாத்தேன். கண்ண மூடுவாரு. நான், "கேக்கறீங்களா?"ன்னு கேப்பேன். "ம்"ம்பாரு. மறுபடியும் மூடுவாரு. "நான் சொல்றது சரிதானுங்களே?"ம்பேன். "சரிதான் புள்ள"ம்பாரு. இப்படியே கோழி கூப்பிட்டுரும். கண்ணெல்லாம் செவந்து, டீக்கடைல பெஞ்சுல உக்காந்தமேனிக்கே சாஞ்சு விழுந்தாருன்னு ஆளுங்க வந்து சொல்றாங்க. எனக்கு ஒரே கவலை.

மேட்டுப்பாளையத்துல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசு, ஆனா கைராசின்னாங்க. "படுக்கற ரூம்ல ஏதாவது தொந்தரவு இருக்குங்களா? சத்தம் கித்தம்?"னு அவருகிட்டத்தான் கேட்டாரு. எங்கூட்டுக்காரரு மெதுவாத் திரும்பி என்னப் பாத்தாரு. பதில் சொல்லத் தெரியல பாவம். நான் சொன்னேன், "சத்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங் டாக்டர். நாங்க ரெண்டே பேருதான். பையன் ஓசூர்ல இருக்கறான், பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, மாப்பிள்ள தங்கமான மனுசன், ஆனா அவிக அம்மா இருக்குது பாருங்க..." அப்படின்னு வெவரமா எடுத்துச் சொன்னேன். டாக்டர் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுப்போட்டு, எங்கூட்டுக்காரரு தோள்ல ரெண்டு தட்டுத் தட்டுனாரு. மாத்திரை ஒண்ணும் எழுதல. "ரூம் அமைதியா இருக்கோணும், அவ்வளவுதான்"னு எங்களப் பாத்துக் கும்பிட்டாரு.

ஊட்டுக்கு வந்ததும் எனக்குப் பொக்குனு புரிஞ்சு போச்சு. ஃபேனு! அந்தப் பழைய ஃபேனு கடக்கு கடக்குன்னு ஓடும். அடுத்த நாளே அதக் கழட்டி எறிஞ்சுபோட்டு, சத்தமே இல்லாத புது ஃபேனு மாட்டினேன். "இப்ப எப்படீங் இருக்குது?"ன்னு கேட்டேன். "நீ சொல்றது இப்ப இன்னுமே தெளிவாக் கேக்குது புள்ள"ன்னாரு. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆனாலும் தூக்கம் வரல. அப்பத்தான் ஒரு நா வெடியால சொல்றாரு, "அன்னூர்ல தம்பி தோட்டத்துல மோட்டார் ரூம் சும்மாத்தான் கெடக்குது. அங்க ஒரு கட்டில் போட்டுக்கறேன். வாரத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன்"னு.

கெணத்துமேட்டுல பம்புசெட்டு ஓடற ரூமு கண்ணு அது! கரண்ட்டு வந்தா நாள் பூராவும் ட்ர்ர்ர்னு கத்தும். "அந்தச் சத்தத்துல எப்படீங் தூங்குவீங்க?"ன்னு கேட்டேன். "மோட்டார் கேக்கறீங்களா, கேக்கறீங்களான்னு கேக்காது புள்ள"ன்னாரு. ஆளு தலைகாணியப் பாயில சுத்திக் கட்டியே வெச்சுட்டாரு.

ஊரு என்ன பேசும்ங்கறது ஒரு பக்கம். பேரன் பேத்தி எடுத்த வயசுல பொண்டாட்டிய உட்டுப்போட்டு மோட்டார் ரூமுக்குப் போயிட்டான்னு காரமடைத் தேர்முட்டி வரைக்கும் பேசுவாங்க. அது கெடக்குது. முப்பது வருசம் ராத்திரியில தனியாப் படுத்தவ கண்ணு நான். சங்கு ஊதுனா போயிருவாரு, நான் சுவத்தப் பாத்துப் படுத்துக்குவேன். மறுபடியும் அந்தச் சுவத்தப் பாக்க என்னால முடியாது. அத அவருகிட்டச் சொல்லல, சொன்னா அழுதுருவேன்னு. "அமாவாசை வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள நான் உங்களத் தூங்க வெச்சுக் காட்டறேன்"னு மட்டும் சொன்னேன். சரீன்னுட்டாரு. பாய்க் கட்ட மட்டும் பிரிக்கல.

குன்னூர்ல எங்க அக்கா மக திலகமணி இருக்கறா. அவகிட்டப் போன்ல பொலம்புனேன். "சித்தி, லாவண்டர் செடி வெய்யுங்க. அந்த வாசத்துக்குத் தூக்கம் சொக்கிட்டு வரும்"னா. சொன்னதோட நிக்காம, எங்கூர்ல ஒரு சீருக்கு வந்தப்ப ஒரு செடிய எடுத்துட்டே வந்துட்டா. சாம்பக் கலர்ல ஊசி ஊசியா எல, நுனியில நாலு ஊதாப் பூவு. கசக்கி மோந்து பாத்தா, அட, அப்படி ஒரு வாசம்! கட்டிலுக்குப் பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு வெச்சேன். அங்க வெச்சா வெயில் இல்லாம வாடிருச்சு. அப்புறம் மாடிக்குக் கொண்டு போனேன். எங்க படுக்கற ரூமு மாடிப்படிக்கு நேரா கீழதான், மாடிக் கதவத் தொறந்து போட்டா வாசம் படி வழியா எறங்கி வந்துரும்னு கணக்குப் போட்டேன்.

பாருங்க கண்ணு, எங்க பக்கம் ஒரு வழக்கம். ஒறம்பரை வந்தா, அதான், ஊட்டுக்கு விருந்தாளி வந்தா, வாங்கன்னு சொல்ற வாய மூடறதுக்குள்ள ஒரு சொம்புத் தண்ணி கைக்குப் போயிரோணும். அப்புறந்தான் மத்த பேச்சு. இந்தச் செடி யாரு? குளிர்ல இருந்து நம்மள நம்பி எறங்கி வந்த ஒறம்பரை. வந்ததும் ஒரு சொம்பு ஊத்தினேன். குடிச்சுது. காப்பி நேரத்துக்கு ஒரு சொம்பு. பொழுதோட ஒரு சொம்பு. அரிசி களஞ்ச தண்ணி, மோருச் சட்டி கழுவுன தண்ணி, சாணிக் கரைசல், எதுலயும் கொற வெக்கல.

பக்கத்து ஊட்டு அமராவதி இருக்கறா. மாடி பூராவும் தொட்டிதான் அவளுக்கு, வாட்ஸப்புல செடிக் குரூப்பு வேற நடத்தறா. செவுத்துக்கு மேல எட்டிப் பாத்துப்போட்டு, "அக்கா, அதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க! மண்ணு நல்லாக் காஞ்ச பொறவுதான் ஊத்தோணும். மணலும் கல்லும் கலந்து வெய்யுங்க, ஒரமே வேண்டாம், வெயில்ல காயட்டும்"ங்கறா. கேட்டீங்களா அநியாயத்த? ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காத, சோறு போடாத, வெயில்ல நிறுத்துன்னு ஒருத்தி சொன்னா, அது என்ன வாயி கண்ணு? அவ ஊட்டுக்குப் போனாலும் அப்படித்தான். கேட்டாத்தான் காப்பி வரும். என்ற செடி மணக்குதுன்னு அவளுக்குப் பொறாமை. அவ முன்னாடியே இன்னொரு சொம்பு ஊத்தினேன்.

குன்னூர் வந்துருச்சா? யாராவது எறங்கறாங்களா? நீங்க எறங்கறதுக்கு ஏன் எந்திரிக்கறீங்க, கோயமுத்தூர்னு சொன்னீங்களே. உக்காருங்க. வேற சீட்டெல்லாம் வெயிலடிக்கும்.

அமராவதி சொன்னதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு நாயமாப் பட்டுச்சு. "செடிகிட்டப் பேசோணும்க்கா. தெனமும் அஞ்சு நிமிசம் பேசினா நல்லாத் தழையும்"னா. அஞ்சு நிமிசத்துல என்னத்தப் பேச முடியும்? இருந்தாலும் ஆரம்பிச்சேன்.

மொத நா பொழுதோட சாப்பாட்ட முடிச்சுப்போட்டு, பிளாஸ்டிக் சேரு ஒண்ணத் தூக்கிட்டு மாடிக்குப் போனேன். செடிகிட்ட என்ன பேசறதுன்னு கூச்சமா இருந்துச்சு. சித்த நேரந்தான். அப்புறம் வந்துருச்சு. எங்கூட்டுக்காரரோட அக்கா, என்ற நங்கையா, என்ற கல்யாணத்துச் சேலைய எடுத்து அவ கட்டிட்டுப் போன கதைய ஆரம்பிச்சேன். செடி குறுக்க பேசல, கொட்டாவி உடல. கேக்கறயான்னு நானும் கேக்க வேண்டியதில்ல, அது தொட்டிய உட்டு எங்க போகும்? மனசுல இருக்கறத எல்லாம் சத்தமாக் கொட்டுனேன். கீழ வந்து பாத்தா கண்ணு, அவரு தூங்கறாரு! வாயத் தொறந்துட்டு, கொறட்டை உட்டுட்டு, அப்படி ஒரு தூக்கம். எனக்கு நம்ப முடியல. எழுப்பி, "தூங்கறீங்களா?"ன்னு கேட்டேன். "ஆமா"ன்னாரு.

படி வழியா வாசம் எறங்கியிருக்குது பாருங்க!

அடுத்த நாளும் அப்படியே. அதுக்கடுத்த நாளும். நான் மேல போனா அவரு கீழ தூங்கறாரு. அமாவாசை வந்துச்சு, போச்சு, அன்னூரப் பத்திப் பேச்சே எடுக்கல. அவருக்கே செடி மேல பாசம் வந்துருச்சு. சோறு தின்ன கை காயறதுக்குள்ள, "செடிக்குப் பேசப் போகலியா? மணியாச்சே"ம்பாரு. நான் சேரத் தூக்கக் கூடாதுன்னு அவரே தூக்கிட்டுப் போயிப் போடுவாரு. சேருக்கு மேல மெத்தை. கொசுவத்தி. ஒரு ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி, தொண்டை காயக் கூடாதுன்னு. ஒரு நா மழை வர்ற மாதிரி இருந்துச்சு, நான் போகலைன்னேன். அடுத்த நாளே ஆளக் கூட்டியாந்து அந்த எடத்துக்குத் தகரம் போட்டுக் குடுத்தாரு! "இனி மழையாவது இடியாவது, நீ பாட்டுக்குப் பேசலாம்"னாரு. என்ற அம்மா ஊட்டுல கூட என்னய ஆரும் இப்படித் தாங்குனதில்ல.

அமராவதி ஊட்டுல ஜன்னலச் சாத்திக்கிட்டாங்க. அவ்வளவு பொறாமை. அவ மாமியார் மட்டும் நல்ல மனுசி, கட்டில எங்க செவுத்தோரமா இழுத்துப் போட்டுக்கிச்சு. ஒரு நா நான் வேற கதைக்குப் போயிட்டேன்னதும், "அடியே, அந்தச் சேலையத் திருப்பிக் குடுத்தாளா, இல்லையா?"ன்னு செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போடுது. வாசத்துக்குத்தான் அதுவும் வந்து படுத்திருக்கும்.

அப்புறம் சித்திரை வெயில் புடிச்சுது. மண்ட பொளக்குது. குளிர்லயே பொறந்த செடி, தாங்குமா? ஒயரு இழுத்து, டேபிள் ஃபேனக் கொண்டு போயி மூணுல வெச்சேன். ஈரச் சாக்கச் சுத்திக் கட்டுனேன். தெனமும் மத்தியானம் ஃப்ரிட்ஜுல இருந்து ஒரு ட்ரே ஐஸுக் கட்டி எடுத்து வேருல கொட்டுனேன். எங்கூட்டுக்காரரு மோரு கேட்டாரு, ஐஸ் இல்லைன்னுட்டேன். அவரும், "செடிக்குப் போடு, செடிக்குப் போடு"ன்னாரு. அவ்வளவு அக்கறையாப் பாத்த செடி கண்ணு, கீழ எலை மஞ்சளாச்சு. நான் பசி போலன்னு இன்னும் கரைசல் ஊத்தினேன். தண்டு கருத்துச்சு. நான் சூடு போலன்னு இன்னும் ஐஸு போட்டேன். சனிக்கெழமை தொட்டு நிமித்துனேன், கையோட வந்துருச்சு. வேரெல்லாம் கருப்பாக் கொழகொழன்னு, சாக்கடை நாத்தம்.

"அழுகிருச்சுக்கா. தண்ணி"ன்னா அமராவதி.

தண்ணியாமா! அவ கண்ணு பட்டதுதான். எத்தனை நா செவுத்துக்கு மேல எட்டி எட்டிப் பாத்தா! மொளகாயும் உப்பும் சுத்தி நெருப்புல போட்டேன். இருமலே வரல பாருங்க, மொளகா கமறவே இல்ல. அப்பேர்ப்பட்ட கண்ணு.

நான் அந்தத் தொட்டி பக்கத்துலயே உக்காந்து அழுதேன். செடிக்கு மட்டுமா அழுதேன்? போச்சு, இனி அவருக்குத் தூக்கம் வராது, அவரு போயிருவாருன்னு அழுதேன். அப்புறம் எனக்கே ஒரு ரோசனை தோணுச்சு. நம்ம தலையெழுத்துக்கு அந்த மனுசன் ஏன் கண்ணு செவந்து சாகோணும்? நானே அந்தப் பாய்க் கட்ட எடுத்து வாசப்படியில வெச்சேன். "நீங்க அன்னூருக்கே போய்க்கங்க. செடி செத்துருச்சு"ன்னேன்.

அவரு கட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. பாயப் பிரிச்சு, தலைகாணிய எடுத்துட்டுப் போயிப் பழைய எடத்துலயே போட்டாரு. "அங்க மோட்டார் இருக்குதே, தூங்குவீங்களே"ன்னேன். "மோட்டாருக்குக் கதையா தெரியும்?"னாரு. தூக்கக் கலக்கத்துல என்னமோ ஒளர்றாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு நான் பக்கத்துல கம்முனு படுத்தேன். செடிதான் இல்ல, நாமளாவது தொந்தரவு குடுக்காம இருப்போம்னு வாயே தொறக்கல. ஃபேனுச் சத்தமும் இல்ல. ஊடே கம்முனு கெடந்துச்சு. அப்படிப்பட்ட அமைதியில ஒரு மனுசன் எப்படித் தூங்கோணும்? பொரண்டு பொரண்டு படுக்கறாரு. எந்திரிச்சு உக்காருறாரு. தண்ணி குடிக்கறாரு. இப்பவாவது நம்பறீங்களா? வாசம் போச்சு, தூக்கம் போச்சு! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

ரெண்டாம் நா, "ஏதாச்சும் பேசு புள்ள"ன்னாரு. "பேசறதுக்கு என்னங் இருக்குது"ன்னேன். "இல்ல, அந்தச் சேலை சமாச்சாரம், நடுவுல நின்னுபோச்சு. அக்கா என்னதான் சொன்னா?"ன்னு கேக்கறாரு. அவரு கூடப் பொறந்த அக்காவப் பத்தி அவரே கேக்கறாரு! எனக்கு மனசு வரல. "அதெல்லாம் எதுக்குங் இப்ப"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். மூணாம் நாளும் நான் அப்படியே. அவரு சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. அந்தப் படுக்கை எனக்குத் தெரியும் கண்ணு. எத்தனை வருசம் நான் அப்படிப் படுத்திருக்கறேன். ஆனா அவரு எதுக்கு அப்படிப் படுக்கோணும்னுதான் எனக்கு வெளங்கல.

இன்னைக்குக் கருக்கல்லயே எந்திரிச்சு, குளிச்சு, நீலச் சட்டையப் போட்டுட்டு நிக்கறாரு. "கெளம்பு. ஊட்டிக்குப் போயி ஒரு செடி வாங்கியாரலாம்"ங்கறாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னய ஊட்டிக்குக் கூட்டிட்டு வந்தது இதுதான் மொத தடவை. ஏரியப் பாக்கல, பூங்காவப் பாக்கல, நேரா நாத்துப் பண்ணைக்குத்தான்.

பண்ணைக்காரருகிட்ட இவரு கேட்ட கேள்வியக் கேக்கோணுமே நீங்க! "இதுக்கு எது ஆகாதுங்?"னாரு. "தண்ணி எச்சா ஆகாதுங்"னாரு அவரு. அவரும் அமராவதிகிட்டப் பாடம் படிச்சிருப்பாரு போல. "பேசுனா ஏதாச்சும் ஆகுங்களா?"ன்னாரு இவரு. பண்ணைக்காரரு சிரிச்சுபோட்டு, "பேசுனா ஒண்ணும் ஆகாதுங்"னாரு. "எத்தனை நேரம் பேசுனாலும்?"னாரு. "எத்தனை நேரம் பேசுனாலும் ஒண்ணும் ஆகாதுங்." "வருசக் கணக்காப் பேசுனா?" அந்தாளு சிரிக்கறத நிறுத்திப்போட்டு என்னப் பாத்தாரு. நான் செடியப் பாத்துட்டு இருந்தேன்.

ஒண்ணு எடுத்தாப் போதும்னேன். "ரெண்டா இருக்கட்டும். ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அன்னைக்கே நீ கம்முனு ஆயிரக் கூடாது"ன்னாரு. அப்புறம் ஒரு கட்டுப்பாடும் போட்டாரு. தண்ணி ஊத்தறது அவரு பொறுப்பு. பேசறது என்ற பொறுப்பு. நான் சொம்பத் தொடவே கூடாதாமா. எனக்கு அது நாயமாப் படல, ஒறம்பரைக்குத் தண்ணி குடுக்காம எப்படீன்னு கேட்டேன். "பேச்சுக் குடுத்தாலே வயிறு நெறஞ்சுரும்"னாரு. சரி, அவரு ஊர்ல இல்லாதப்ப ஒரு சொம்பு ஊத்துனா யாருக்குத் தெரியப் போகுது? நீங்க சொல்லீராதீங்க.

கண்ணு? ஏனுங் கண்ணு?

பாருங்க, தூங்கிப் போச்சு. தலைய ஜன்னல்ல முட்டிக்கிட்டு என்ன தூக்கம்! வாசம் அப்படி. மடியில இருந்ததுக்கே இந்த வேலை பாக்குது. படிச்ச புள்ள, ராத்திரியெல்லாம் செல்லு பாத்துட்டு முழிச்சிருக்கும், தூங்கட்டும். மலையெறங்கிக் கல்லாறு வர்ற வரைக்கும் நானும் கம்முனு வர்றேன்.

ஐயோ, என்னங்? எதுக்குங் எந்திரிச்சு வர்றீங்க? கம்பியப் புடிங்க, வளைவு வருது! இத்தனை நேரமும் நல்லாத்தான தூங்கிட்டு இருந்தீங்க, நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான வந்தேன். என்னது? எனக்கென்னங், நல்லாத்தான் இருக்கறேன். மயக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. வாந்தியும் இல்ல. இந்தப் புள்ள தூங்குதேன்னு சித்த வாய மூடுனேன், அதுக்குப் போயி இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவீங்களா? போங்க, போயி உக்காருங்க.

கண்ணு, கண்ணு, எந்திரிங்க! ஜன்னலச் சாத்துங்க. வாசமெல்லாம் வெளிய போயிருச்சு, அதான் அந்த மனுசன் முழிச்சுக்கிட்டாரு. பாவம், மூஞ்சி எப்படி வெளுத்துப் போச்சு பாத்தீங்களா? இன்னும் நல்லாச் சாத்துங்க. ஆங், அப்படி. இப்பப் பாருங்க அவர, நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள, துண்டத் தலைக்கு வெச்சு, கண்ண மூடியாச்சு. ஜன்னலச் சாத்துன ஒடனே! இந்தச் செடி மட்டும் இல்லீன்னா அந்த மனுசன் என்ற கூட இருந்திருப்பாரான்னு நெனச்சாப் பயமா இருக்குது கண்ணு.

சரி, நீங்க எது வரைக்கும் கேட்டீங்க?